குடும்பப் பெயர் சொல்லும் கணக்கு

1427. மிலானுடன் நடந்த போரில் ஃப்ளாரன்ஸ் நகரின் கஜானா காலியாகிவிட்டது. புதிதாக வரி போட வேண்டும். அதற்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தன் தொழில், சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும்படி அரசு உத்தரவிட்டது. ‘கதாஸ்தோ’ எனப்படும் அந்தப் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன.

இத்தாலிய மத்திய வங்கியின் பொருளாதார வல்லுநர்கள் குல்யெல்மோ பரோனே, சௌரோ மொச்செத்தி இருவரும் அந்தக் கணக்கை 2011-ஆம் ஆண்டின் வரிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை குடும்பப் பெயர்கள். இன்று அதிகம் சம்பாதிப்பவர்களின் பெயர்களைத் தேடினால், அன்றைய வழக்கறிஞர்கள், கம்பளி, பட்டு, காலணித் தொழில் சங்கத்தினர் என்று வசதியான வீடுகளிலேயே அவை கிடைத்தன. 1427-இன் குடும்பங்களை ஏழ்மையிலிருந்து செல்வம் வரை நூறு படிகளாக அடுக்கினால், தொண்ணூறாம் படியில் இருந்த பெயர்க்காரர்கள் பத்தாம் படிப் பெயர்க்காரர்களைவிட இன்று சராசரியாக 5 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள்.

ஐந்துதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் வியப்பு புரியும். தந்தைக்கு இருந்த அனுகூலத்தில் பாதி பிள்ளைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறைக்குக் கால், அதற்கடுத்து அரைக்கால். 584 ஆண்டுகள் என்றால் சுமார் இருபது தலைமுறை. கடைசியில் மிஞ்ச வேண்டியது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது எந்த வரிக் கணக்கிலும் தென்படாது. ஆனால் தலைமுறைக்கு 80 சதவீதம் தங்குகிறது என்றால், இருபதாவது தலைமுறையிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

பொருளாதார வரலாற்றாளர் கிரெகரி கிளார்க் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். இங்கிலாந்து, அமெரிக்கா, சீனா, ஜப்பான், சிலி என்று பல நாடுகளின் அரிய குடும்பப் பெயர்களை அவர் பின்தொடர்ந்தார். சமத்துவத்துக்குப் பெயர்போன சுவீடனில்கூட, பழைய பிரபுக்களின் பெயர்களும் கற்றவர்கள் சூட்டிக்கொண்ட லத்தீன் பெயர்களும் மருத்துவர், வழக்கறிஞர் பட்டியல்களில் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சித் தென்பட்டன.

அப்படியானால் தந்தை வருமானத்தையும் மகன் வருமானத்தையும் ஒப்பிடும் வழக்கமான ஆய்வுகள், சுவீடனில் ஏற்ற இறக்கம் மிக அதிகம் என்று காட்டுவது எப்படி? வருமானம் ஒரு குடும்பத்தின் நிலையை அரைகுறையாகவே காட்டும் என்கிறார் கிளார்க். நீதிபதியின் மகன் நாடக நடிகரானால், கணக்கில் அந்தக் குடும்பம் சறுக்கிவிட்டது. ஆனால் வீட்டுப் புத்தகங்களும் அறிமுகங்களும் சபையில் கூசாமல் பேசும் பழக்கமும் எங்கும் போய்விடவில்லை. பேத்தி மருத்துவராகிறாள். ஒரு தலைமுறையை மட்டும் பார்ப்பவருக்குச் சரிவு தெரிகிறது. பலரை ஒரே பெயரின் கீழ் சேர்த்துச் சராசரி எடுப்பவருக்கு அடியில் இருக்கும் நிதானம் தெரிகிறது.

இதை ஏற்காதவர்களும் உண்டு. பெயர் குடும்பத்தை மட்டும் காட்டுவதில்லை. இனம், மதம், சாதி, ஊர் ஆகியவற்றையும் சேர்த்தே காட்டுகிறது, எனவே தனி மனிதரிடம் குடும்ப அனுகூலம் தங்குவதை அது மிகைப்படுத்திச் சொல்லும் என்பது அவர்கள் வாதம். வங்காளத்தில் முகர்ஜி, பானர்ஜி போன்ற பெயர்களைக் கொண்டு கிளார்க் நடத்திய ஆய்வுக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்தும். தமிழ்நாட்டில் பெயரை வைத்து அளக்கும் இந்த வழியே பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் போட்டது. அப்பாவின் பெயர் முதலெழுத்தாக நிற்பதால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொதுவான பெயர் ஏட்டில் இருப்பதில்லை. பெயர் மறைந்ததால் அனுகூலமும் மறைந்துவிட்டதா என்பதை வேறு வழியில்தான் அளக்க வேண்டும்.

திறமைக்கு மட்டுமே பரிசு என்று சொல்லும் சமூகங்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேர்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், எழுத வருபவர்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஏணியில் ஏறுவது இத்தனை மெதுவாக நடக்கும் என்றால், படிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதும் அவசியமாகிறது. பழைய பெயர்கள் இன்னும் மேலே இருக்கும் அதே சுவீடனில், மருத்துவருக்கும் தச்சருக்கும் இடையிலான வருமான இடைவெளி அமெரிக்காவில் இருப்பதைவிடக் குறைவு. அங்கே கீழ்ப்படியில் பிறப்பதால் ஏற்படும் இழப்பும் அந்த அளவுக்குக் குறைவு.