கேடயமும் மஞ்சள் நிறமும்

கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியாள் பேராலயத்துக்கு அணித்தாய் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் வந்தார். பல்லாண்டு என்னோடு கற்பித்தவர். கழுத்தின் முன்புறத்தே ஒரு கட்டி. கையிலே கத்தரித்தெடுத்த செய்தித் துணுக்கு. தாவரங்களிலுள்ள பிளவனொயிட்டு என்னும் பொருள்கள் கொடிய தைரொயிட்டுப் புற்றுநோயை அழிக்கும் என்பது அதன் தலைப்பு.

"பண்டிதர், உங்களுக்கு வாகடங்கள் தெரியும். இதற்கு எந்த இலை நல்லது?" என்றார். மூன்று கிழமையாக ஏதோ ஓர் இலைச்சாறு குடித்து வருகிறாராம்.

சொல்லிலிருந்து தொடங்குவதே எம்போலியர் வழக்கம். தைரொயிட்டு என்பது கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. நம் பாடநூலார் கேடயப்போலி என்றனர். பிளவனொயிட்டோ மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழியது. ஆயினும் நம் மஞ்சட் கிழங்கின் நிறப்பொருள் இக்குடியைச் சேர்ந்ததன்று! வெங்காயத்திலுள்ள குவெர்செற்றினும் செலரியிலுள்ள அப்பிஜெனினுமே இக்குடியின.

ஆய்வுக்கூடச் செய்தி பொய்யன்று. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த தைரொயிட்டுப் புற்றணுக்கள் அப்பிஜெனினால் வளர்ச்சி குன்றியதைக் கண்டுள்ளனர். ஆனால், உண்டவற்றிற் சிறுபகுதியே குருதியிற் சேரும். அதனையும் குடலும் ஈரலும் உருமாற்றிவிடும். கண்ணாடிக் கலத்துக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

அத்தூரத்தை அளந்து காட்டுவது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், வேம்பின் குடும்பத்து மரமொன்றின் கதை. அதன் பட்டையிற் கிடைத்த உரோகிற்றுக்கின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, மும்பாயிலிருந்த ஹோக்ஸ்ட் நிறுவன ஆய்வாளர் பிளவோபிரிடோல் என்னும் பிளவனொயிட்டை ஆக்கினர். அணுப் பிரிவை முடுக்கும் நொதியங்களை அது தடுக்கும். 1990களில் மனிதரிடத்துச் சோதனை தொடங்கிற்று. குருதிப் புற்றுநோயில் ஓரளவு பயனும் தெரிந்தது. ஆண்டுகள் முப்பது கழிந்தும் அது ஒப்புதல் பெற்ற மருந்தாகவில்லை.

இன்னுமொன்று. சூடானில் கம்பை மிகுதியாக உண்பாரிடையே கண்டக்கழலை பரவியமைக்குக் கம்பிலுள்ள பிளவனொயிட்டுகளும் ஒரு காரணம் என 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. தைரொயிட்டுக்கு மருந்தாகுமென நாம் தேடும் குலத்திலேயே அதற்குப் பகையும் உளது!

தைரொயிட்டுப் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாய்க் காணப்படுவது. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கு அடங்குவது. அரிதாய்த் தோன்றும் கொடிய வகையோ வேறு: நோயறிந்தபின் பாதிப்பேர் அரையாண்டு வாழ்வதும் அரிது. அவ்வகையில் குறித்த ஒரு மரபணு மாற்றம் உடையோர்க்கு, டப்ராஃபெனிப், ட்ராமெற்றினிப் என்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2018இலேதான். எவ்வகை என்பதைக் கழுத்தைப் பார்த்து எந்தப் பண்டிதனும் சொல்ல இயலாது. மூன்று கிழமை அங்கே பெரும் காலம்.

இவையெல்லாம் அன்றே நான் சொன்னவையல்ல. பின்னர் தேடிப் படித்தவை. அன்று நான் சொன்னது ஒன்றே: "மாஸ்ரர், எனக்குத் தெரிந்தது யாப்பு. நாளைக் காலையிலே மகரகமைக்குப் போவோம்."

இருவரும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் பேசவில்லை. ஊசியிட்டு அணுக்களை எடுத்துள்ளனர். முடிவு வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கும். சாற்றை நிறுத்திவிட்டார்.