மாஸ்க் காற்று தருமா?

எங்க மாமா கடியபட்டணம் கடலில் பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பி எடுக்கப் போவார். மூக்கையும் மூடுகிற கண்ணாடி மாஸ்க் போட்டு, மூச்சை அடக்கித்தான் முங்குவார்.

போன மாசம் பைப்பில் தண்ணி வரல. ரொம்ப வருஷமா பலகை போட்டு மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்து தண்ணி கோரினோம். அம்மாவின் செம்புக் குடம் உள்ளே விழுந்துவிட்டது. "கொரோனா மாஸ்க்கைக் கட்டி, மேல கண்ணாடி மாஸ்க்கும் போட்டு இறங்குறேன்"னு மாமா கிளம்பினார். எனக்கு ஒரே பயம். சயின்ஸ் டீச்சரிடம் ஓடிப்போய் கேட்டேன்.

வடிகட்டுகிற மாஸ்க் தூசியையும் கிருமியையும்தான் தடுக்கும். காற்றை உண்டாக்காது. நல்ல காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. மூடிக் கிடந்த கிணற்றில் அது குறைந்துபோய், கனமான கார்பன் டை ஆக்சைடு அடியில் தங்கியிருக்கலாம். கண்ணுக்கும் தெரியாது, மணமும் கிடையாது. தண்ணிக்குள்ளேயோ நனைந்த துணி மூக்கோடு ஒட்டி மூச்சை அடைக்கும். அதனால்தான் ஸ்கூபாக்காரர்கள் சிலிண்டரில் காற்றையே முதுகில் சுமக்கிறார்கள்.

ஆனால் ரெண்டையும் சேர்த்தும் இருக்காங்க! 2020 மார்ச்சில் இத்தாலியில் பிரெசியா நகரத்து இசின்னோவா கம்பெனி, கடலில் நீந்துகிற முழுமுக மாஸ்க்கில் வால்வு மாட்டி, கொரோனா நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்க வழி செய்தது. வேறு இடங்களில் அதே மாதிரி மாஸ்க்கில் பில்டர் மாட்டி டாக்டர்கள் போட்டார்கள். அங்கே சுற்றி காற்று இருந்தது, அதனால் சரி.

"எனக்கே முங்கச் சொல்லித் தாறியா?"ன்னு மாமா சிரிச்சார். ஆனா இறங்கல. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி அரை மணிக்கூரில் குடத்தை எடுத்தாங்க. ஒரு பக்கம் நெளிஞ்சிருந்தது.