கிளை விடும் கலை!

ஏற்காடு டூர் பார்ட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, தலைசுற்றலோடு ஒண்டிக்கடையில் இறங்குவார்கள். மிளகாய் பஜ்ஜி, ஏரி, போட்டிங், லேடீஸ் சீட்டில் போட்டோ... ஆச்சு, சாயங்கால பஸ்! சுற்றிலும் நிற்கிற காபிச் செடியை ஒருத்தரும் நின்று பார்ப்பதில்லை.

பார்க்கணும் சார்! காபியில் ரெண்டு ஜாதிக் கிளை உண்டு. ஒன்று செங்குத்தாக மேலே போகும். இன்னொன்று பக்கவாட்டில் மட்டும் நீளும், காய்ப்பது இதில்தான். பக்கக் கிளையை வெட்டி வேர் விடச் செய்தாலும் அது நிமிர்ந்த செடியாக ஆகாது. படுத்தபடியேதான் வளரும். பல வருஷமாகப் பிரமோஷன் கிடைக்காத நம்ம செக்ஷன் ஆசாமி மாதிரி!

இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காலத்தில். அதற்கு முன்னால், ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து பாபா புடான் என்ற சூஃபி பெரியவர் ஏழு விதைகளைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது ஐதீகம். மோக்காவிலிருந்து காபி மட்டுமா கப்பலேறியது? உள்ளே செடி முளைத்தது போலக் கறுப்புக் கிளைகள் தெரியும் ஒரு கல்லும் ஐரோப்பாவுக்குப் போனது. உண்மையில் அது செடியுமில்லை, பாசியுமில்லை. கல்லுக்குள் ஊறிய மாங்கனீஸ், இரும்புத் தாதுக்கள் கிளை கிளையாகப் படிந்தது, அவ்வளவுதான்.

'மோக்கா கல்' என்று பெயர் பெற்ற அந்த அழகை, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக் குயவர்கள் பானையில் பிடித்தார்கள். எப்படி? ஈரக் களிமண் பூச்சின் மேல், புகையிலைச் சாற்றில் நிறம் கலந்து ஒரு சொட்டு! தொட்ட மாத்திரத்தில் அது மரமாக விரிந்துவிடும். பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. பீர்க் கடைக் குவளைகளில்கூட இந்த மரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் செய்யலாம். ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே கெட்டியான போஸ்டர் கலர். அமுக்கி, மெல்லப் பிரியுங்கள். காற்று விரல் விரலாக உள்ளே நுழைய, கலர் கிளை கிளையாக நிற்கும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற பெரிய ஓவியர் கிட்டத்தட்ட இப்படித்தான் காடுகளை வரவழைத்தார். பேப்பரில் ஒற்றியெடுத்து, மேலே டிகாக்ஷன் கறை, பழைய ஃபைல் அட்டை, கவாத்தில் விழுந்த காபிக் குச்சி எல்லாம் ஒட்டலாம். குச்சியை எஸ்டேட்டில் கேட்டு வாங்குங்கள். செடியில் கை வைத்தால் வாட்ச்மேன் வருவார்!

ஒரே ஒரு விஷயம். மரப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி, மின்னல் போலக் கிளை எரிக்கும் வீடியோக்கள் இப்போது எக்கச்சக்கம். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதில் செத்திருக்கிறார்கள். 2017-ல் அங்குள்ள மரக் கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடையே செய்துவிட்டது. செத்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. ரப்பர் செருப்பு, கிளவுஸ் எதுவும் இதற்கு நம்பத்தக்க காப்பில்லை.