மேசை மேல் ஒரு ஹிஜாஸ் புகையிரதம்

பாடசாலை விடுமுறை தொடங்கி மூன்றாம் நாள் உங்கள் சாப்பாட்டு மேசையில் என்ன கிடக்கிறது, சகோதரி? வெட்டிய மட்டைத் துண்டுகள், காய்ந்த பசை, நெருப்புக்குச்சிகள், காலியான சவர்க்காரப் பெட்டி. பிள்ளையிடம் கேட்பதற்கு முன்பே உங்கள் கை விளக்குமாற்றைத் தேடுகிறது, இல்லையா?

என் கையும் அப்படித்தான் தேடியது. தங்கையின் மகன் ஐந்து நாட்களாக இருந்து செய்த ஒரு மட்டைக் கட்டடத்தைக் குப்பையோடு சேர்த்து அள்ளிக் கொட்டியவள் நான். பிள்ளை அழவில்லை. "பெரியம்மா, அது மதாயின் ஸாலிஹ் ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னான். மதாயின் ஸாலிஹ் என்றால் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த பூமி என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒரு புகையிரத நிலையம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அவன் சொன்னதையும், வெட்கப்பட்டு நானாகத் தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில், விளையாட்டுப் பொருளுக்கும் மாதிரியுருவுக்கும் உள்ள வித்தியாசம். கடையில் வாங்கும் பொம்மை ரயிலில் சக்கரம் பெரிதாக இருக்கும், யன்னல் சிறிதாக இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். மாதிரியுருவில் அது முடியாது. உண்மைப் பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் பிரிக்க வேண்டும். சட்டைக்குக் கடதாசியில் அளவு வெட்டிப் பழகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடம்பை மட்டும் சிறிதாக்கிக் கையை அப்படியே விட்டால் அந்தச் சட்டையை யார் போடுவது?

புகையிரத மாதிரிகளுக்கு உலகில் அதிகம் வழங்கும் அளவுத்திட்டம் 87க்கு 1. அதாவது உண்மையில் 87 மில்லிமீற்றர், மேசையில் ஒரு மில்லிமீற்றர். ஐந்தடி எட்டங்குல மனிதர் இரண்டு சென்றிமீற்றருக்குச் சுருங்கிவிடுவார். இராணுவ வாகனங்கள் செய்வோர் 35க்கு 1, 72க்கு 1 என்று வேறு அளவுகள் வைத்திருக்கிறார்கள். இந்த 35 எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் பூட்டிய ஒரு தாங்கி செய்தது. உள்ளே பற்றரி நுழைய வேண்டும் என்று உடம்பை அந்த அளவுக்கு வைத்தார்கள். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது!

இனி ஹிஜாஸ் பாதைக்கு வருவோம். உலகத்தில் எத்தனையோ ரயில்கள் இருக்க, நம் வீட்டுப் பிள்ளை இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குள் ஒரு பெருமை.

திமிஷ்கிலிருந்து மதீனா முனவ்வராவுக்கு ஹாஜிகள் ஒட்டகத்தில் போக ஏறத்தாழ நாற்பது நாட்கள் ஆகும். தாகம், நோய், வழிப்பறி எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். 1900ஆம் ஆண்டு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இப்பாதையில் இருப்புப்பாதை போட உத்தரவிட்டார். ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்காமல், சுல்தானே முன்னின்று நன்கொடை கொடுத்து, உலக முஸ்லிம்களிடமும் கேட்டார். இந்தியாவிலிருந்தும் பணம் போனது. உத்தியோகத்தர்களின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்த பிராணிகளின் தோலை விற்ற காசு கூட இதற்குப் போனது. நன்கொடை தந்தவர்களுக்குப் பதக்கங்கள் கொடுத்தார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்தது என்பார்கள்.

மைஸ்னர் பாஷா என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் பொறியியலாளர் பொறுப்பாக இருந்தார். மண் வெட்டிக் கல் சுமந்தவர்கள் பெரும்பாலும் உஸ்மானியப் படைவீரர்கள். அல்உலாவுக்கு அப்பால் மதீனா வரையான பகுதியை முஸ்லிம் பொறியியலாளர்களே முடித்தார்கள். 1908 செப்டெம்பரில், ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் பாதை திறக்கப்பட்டது. நாற்பது நாள் பயணம் மூன்று நான்கு நாளாகக் குறைந்தது. மக்கா வரை போடும் எண்ணம் மட்டும் நிறைவேறவில்லை. ஒட்டகம் வாடகைக்கு விட்டுப் பிழைத்த கோத்திரத்தார் அந்தப் பாதையை விரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே.

இந்த 1,300 கிலோமீற்றரையும் 87ஆல் பிரித்தால் 15 கிலோமீற்றர் அளவில் வரும். கொழும்புக் கோட்டையிலிருந்து இரத்மலானை வரை மேசை போட வேண்டும்! அதனால்தான் மாதிரியுரு செய்கிறவர்கள் ஒரேயொரு நிலையத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

எடுத்தவுடன் ஒரு கேள்வி எழும். தண்டவாளங்களுக்கிடையே அகலம் எவ்வளவு? ஹிஜாஸ் பாதைக்கு 1,050 மில்லிமீற்றர். இது விசித்திரமான அகலம். பிரெஞ்சுக் கம்பனி ஒன்று ஏற்கெனவே பெய்ரூத்திலிருந்து திமிஷ்குக்குப் போட்டிருந்த பாதை அந்த அகலம் என்பதால் இதுவும் அப்படியே அமைந்தது. 1,050ஐ 87ஆல் பிரித்தால் 12 மில்லிமீற்றரும் ஒரு சொட்டும். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐரோப்பியக் கடைகளில் ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களுக்கென்று 12 மில்லிமீற்றர் தண்டவாளம் விற்கிறார்கள். ஸ்விஸ் பாதையின் உண்மையான அகலம் ஒரு மீற்றர். கணக்குப்படி அதற்கு பதினொன்றரை மில்லிமீற்றர்தான் வேண்டும். ஆகவே ஸ்விஸ் ரயிலுக்கென்று செய்த தண்டவாளம் ஸ்விஸ் ரயிலைவிட நம் ஹிஜாஸ் ரயிலுக்கே நன்றாகப் பொருந்துகிறது.

அதை வாங்க நம்மிடம் காசு இல்லாவிட்டால் என்ன? மட்டைக் கீற்றை நிறுத்தி ஒட்டலாம். ஆனால் சிலிப்பர் கட்டைகளுக்கு மரக் கபில நிறம் பூசினால் பிழையாகிவிடும். அந்தப் பாதையில் பெரும்பகுதி இரும்புச் சிலிப்பர்கள். மரம் இல்லாத பாலைவனத்தில் மரக் கட்டையை விட்டுவைப்பார்களா? குளிருக்கு விறகாகிவிடும். இப்படி ஒரு நிறத்தைக் கேட்கப்போய் ஒரு நாட்டின் குளிர்காலத்தைத் தெரிந்துகொள்கிறது பிள்ளை.

கல்லின் நிறமும் அப்படித்தான். ஹவ்ரான் பக்கம் திர்ஆ வட்டாரத்தில் எரிமலைக் கருங்கல். ஜோர்தான் பக்கம் வெளிறிய சுண்ணாம்புக் கல். மதாயின் ஸாலிஹில் மஞ்சளும் சிவப்பும் கலந்த மணற்கல். "பாலைவன ஸ்டேஷன்" என்று பொதுவாக ஒரு மஞ்சளைப் பூசிவிட முடியாது. மதாயின் ஸாலிஹில் இன்ஜின் கொட்டகையோடு நிலையக் கட்டடங்கள் இன்றும் பழுதுபார்க்கப்பட்டு நிற்கின்றன. மதீனாவின் நிலையமும் அரும்பொருட் சாலையாக இருக்கிறது. உம்றாவுக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால் மதீனா நிலையத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பேரீச்சம்பழத்தோடு அதுவும் வரட்டும். சுல்தான் அப்துல் ஹமீத் சேர்த்துவைத்த புகைப்பட ஆல்பங்கள் இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவை பலருக்கும் வழிகாட்டி.

சினிமாவை மட்டும் நம்ப வேண்டாம். 1962இல் வந்த "லோரன்ஸ் ஒஃப் அரேபியா" படத்தில் ரயிலைக் கவிழ்க்கும் காட்சி ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் எடுக்கப்பட்டது. அந்த மணலும் ஹிஜாஸ் மணல் அல்ல.

மணல் என்றதும் உங்கள் சமையலறைக்கு வந்துவிட்டோம். ஒரு மில்லிமீற்றர் மணல் பருக்கை 87 மடங்கானால் கிட்டத்தட்ட ஒன்பது சென்றிமீற்றர் கல். தண்டவாளத்துக்கு இடையில் போடும் சரளைக்கே அது பெரிது. கடற்கரை மணலைக் கொண்டுவந்து உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, தேயிலை வடியில் அரித்து எடுத்ததுதான் சரளைக்குச் சரி. தரைக்கு அதுவும் ஆகாது. செங்கல்லை இடித்து மெல்லிய துணியில் சலித்த தூள் வேண்டும். பாதை நெடுகத் தந்திக் கம்பங்கள் இருந்தன. தென்னை ஈர்க்கை எட்டு சென்றிமீற்றருக்கு வெட்டினால் ஏழு மீற்றர் கம்பம் தயார். கம்பிக்குத் தையல் நூல். நூலில் மயிர் மயிராக நிற்பதை மெழுகில் ஓர் இழுப்பு இழுத்து அடக்குங்கள். இந்த வேலையில் நம் பெண்பிள்ளைகளின் விரல் ஆண்பிள்ளைகளின் விரலை மிஞ்சும், பந்தயம் கட்டாமலே சொல்கிறேன். கூர் அலகுள்ள கத்தியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். விரைவில் ஒட்டும் பசையை யன்னல் திறந்து வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பாவிக்கட்டும்.

நம் நாட்டு ரயிலைத்தான் செய்வேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. நம் பாதை 1,676 மில்லிமீற்றர் அகலம். 100க்கு 1 என்று எடுத்தால், எங்கும் கிடைக்கும் பதினாறரை மில்லிமீற்றர் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திவிடும். பழைய இன்ஜின்களைப் பார்த்து அளக்கக் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத அரும்பொருட் சாலை இருக்கிறது.

இப்போது நீங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. உருவம் செய்வது கூடுமா? படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரில்லாத பொருட்களையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் சொன்ன செய்தி புஹாரியில் இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகளும் சிறகு வைத்த குதிரையும் இருந்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. மனித உருவங்களைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பத்வா கொடுக்க வந்தவள் அல்ல. ரயிலும் நிலையமும் ஈச்ச மரமும் யாருக்கும் தடையில்லை.

எங்கள் வீட்டில் மனித உருவம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது.

ஹிஜாஸ் பாதைக்கு அமைதியான வாழ்வு எட்டு வருடம்தான். 1916இல் ஷரீப் ஹுஸைன் உஸ்மானியருக்கு எதிராகக் கிளம்பினார். பிரித்தானியர் வெடிமருந்து கொடுத்தனர். பாதையும் பாலங்களும் ரயில்களும் தகர்க்கப்பட்டன. ஆயினும் பஹ்ரி பாஷா மதீனாவை 1919 ஜனவரி வரை விடாமல் வைத்திருந்தார். உலகில் ஹிஜாஸ் ரயிலை மாதிரியுருவாகச் செய்கிறவர்களில் பலர் செய்வது இந்தக் காட்சியைத்தான். புரண்டு கிடக்கும் இன்ஜின், கவச வாகனம், துவக்கோடு ஆட்கள். எங்கள் பிள்ளைக்கும் அந்த ஆசை வந்தது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரயிலைக் கவிழ்க்கலாமா என்றான்.

நான் வேண்டாம் என்றேன். 1996 ஜூலையில் தெஹிவளையில் மாலை ரயிலில் குண்டு வெடித்த செய்தியை வானொலியில் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போனவர்கள் வீடு வரும் வரை வாசலில் நின்ற தலைமுறை நாங்கள். அதை மேசையில் விளையாட்டாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. யுத்தத் தாங்கிகளை அழகாகச் செய்யும் எல்லோரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இரும்பை மட்டும் சரியாக அளந்து, உள்ளே இருந்தவர்களை அளக்காமல் விடுவது அரைகுறை வரலாறு.

"அப்படியென்றால் உள்ளே யார் இருந்தார்கள்?" என்று அவன் கேட்டான். இருவரும் சேர்ந்து படித்தோம். 1917 செப்டெம்பரில் முதவ்வராவுக்குத் தெற்கே ஹல்லத் அம்மார் என்ற இடத்தில் இரண்டு இன்ஜின் பூட்டிய ஒரு ரயில் தகர்க்கப்பட்டது. அதில் படைவீரர்கள் மட்டுமல்ல, நோயாளிகளும், திமிஷ்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த துருக்கி அதிகாரிகளின் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். வெடி வைத்த லோரன்ஸே தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். குண்டு வைக்கப் போனவர்களில் கலிமாச் சொன்னவர்கள் அதிகம், ரயிலில் இருந்தவர்களும் கலிமாச் சொன்னவர்கள்.

பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இது மதாயின் ஸாலிஹில் நடக்கவில்லை, ஆகவே நிலையத்துக்குப் பக்கத்தில் வைப்பது பிழை என்று அவனே சொன்னான். புதுப் பலகை ஒன்றை எடுத்தான். நிலையத்தையும் திரும்ப முதலிலிருந்து கட்டினான், இம்முறை மட்டைக்கு நான் காசு கொடுத்தேன்.

புதுப் பலகையில் ஒரு பெட்டி மட்டும் சரிந்து கிடக்கிறது. துவக்கும் ஆளும் இல்லை. மணலில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கேத்தல், ஒரு தொழுகைப் பாய், ஒரு துணி மூட்டை. மூட்டைக்கு என் பழைய துப்பட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். கால் மில்லிமீற்றர் நூலை 87ஆல் பெருக்கினால் இரண்டு சென்றிமீற்றர் கயிறாம், அப்படி ஒரு துணியை யார் கட்டுவார்கள் என்று கேட்டான். கடைசியில் பரிசுப் பொதிக்குள் வரும் மெல்லிய கடதாசியைத் தேநீரில் நனைத்து, ஊசி முனையால் முடிச்சுப் போட்டோம். இரண்டு முறை கிழிந்தது. மூன்றாவது இப்போது யன்னலடியில் காய்கிறது. மேசையின் மற்றப் பாதியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.