ஒரே தண்ணீர், ஒருவருக்கு மட்டும் ஏன் பல் கறை?

ஒரே வீடு, ஒரே போர் தண்ணீர். மூத்த பிள்ளைக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை, இளையவனுக்கு ஒன்றுமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் புளோரைடு (பாறையிலிருந்து நீரில் கரையும் உப்பு வகை) மிகுந்த ஊர்களில் இப்படி நடக்கலாம். "தண்ணீர்தான் காரணம் என்றால் இவனுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்பீர்கள்.

முதலில், கறை எப்படி வருகிறது? நிலைப்பற்கள் முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஈறுக்குள் உருவாகின்றன. ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கு எட்டு வயதோடு மேல் ஓடு உருவாகும் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குள் உடலில் புளோரைடு மிகுந்தால், பற்சிப்பி (பல்லை மூடியிருக்கும் கடினமான மேல் ஓடு) சரியாக இறுகாது. லேசானால் வெள்ளைத் திட்டு. கடுமையானால், முளைத்த பிறகு பழுப்பேறிக் குழி விழும். அழுக்கல்ல என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அப்படியானால் பிள்ளைக்குப் பிள்ளை ஏன் வேறுபாடு? முதலில் வயதைப் பாருங்கள். மூத்தவள் போர் தண்ணீர் குடித்து வளர்ந்திருப்பாள். இளையவன் பிறந்தபோது ஒகேனக்கல் ஆற்று நீர் குழாயில் வந்திருக்கலாம். இருவரும் குடித்தது ஒரே தண்ணீர்தான் என்றால் பரம்பரைக்கும் பங்கிருக்கலாம். ஆய்வகத்தில் வெவ்வேறு எலி வம்சங்களுக்கு ஒரே அளவு புளோரைடு கொடுத்தபோது, சிலவற்றின் பற்கள் விரைவில் கெட்டன. சிலவற்றின் பற்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மனிதரிலும் சில மரபணு (பெற்றோர் வழி வரும் உடல் குறிப்பு) வேறுபாடுகளுக்குத் தொடர்பு தெரிகிறது; ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை.

மரபணுச் சோதனை செய்யலாமா? வேண்டாம். அதை வைத்து மருத்துவர் புதிதாகச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சோதிக்க வேண்டியது தண்ணீரை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா? ஆகாது. நீர் ஆவியாகும், புளோரைடு தங்கும். அளவு கூடத்தான் செய்யும். குழாயில் வரும் ஆற்று நீரோ, நன்றாகப் பராமரிக்கப்படும் ஆர்ஓ வடிகட்டியின் நீரோ போதும். குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்க, களி கிண்ட, பால் பவுடர் கரைக்கவும் அதே நீரையே எடுங்கள். போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

புளோரைடு உள்ள பற்பசையை நிறுத்த வேண்டுமா? தண்ணீரில் புளோரைடு மிகுதி என்று தெரிந்தால் பல் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். பொதுவாக மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

வந்த கறைக்கு வழி உண்டா? மேல் ஓட்டை லேசாகத் தேய்த்தோ, பல் நிறத்துப் பூச்சு வைத்தோ பல் மருத்துவர் மறைத்துத் தருவார்.

இளையவனின் வெள்ளைப் பல்லைப் பார்த்துத் தண்ணீர் நல்லதென்று முடிவு கட்டாதீர்கள். அவன் உடல் தாங்கியிருக்கலாம்; அடுத்து பிறக்கும் பிள்ளையின் உடல் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.