ஆட்டிசம்: கூடும் எண்ணிக்கையும் குழந்தைக்குள்ள உரிமையும்
அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளில் 150 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்று 2000ஆம் ஆண்டுக்கான கணக்கு காட்டியது. 2022இல் அது 31 பேருக்கு ஒருவர் என்றானது. இது புதிதாகப் பரவும் நோய் என்ற அச்சம் இந்த எண்களிலிருந்தே கிளம்புகிறது.

ஏற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் கண்டறியும் முறை மாறியதுதான். 1994இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேடு ஆஸ்பெர்கர் நிலையையும் சேர்த்து வரையறையை விரித்தது. அந்நாட்டுச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இலேயே ஆட்டிசம் தனிப்பிரிவாகிவிட்டதால், உதவி வேண்டிய குடும்பங்கள் பரிசோதனையைத் தேடிச் சென்றன. முன்பு வெள்ளையினக் குழந்தைகளிடம் அதிகம் பதிவானது. அண்மைக் கணக்குகளில் கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகளின் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளின் விகிதத்தை முந்திவிட்டது. முன்பு கவனிக்கப்படாமல் விடுபட்டவர்கள் இப்போது கணக்கில் வருகிறார்கள் என்பதற்கு இது வலுவான சான்று. பெற்றோரின் வயது கூடியிருப்பதும், குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிழைப்பதும் ஓரளவு பங்களித்திருக்கலாம்.

தடுப்பூசி காரணமல்ல. தட்டம்மைக்கான தடுப்பூசிமீது அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்விலும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. தடுப்பூசியைத் தவிர்த்தால் குழந்தைக்கு மிஞ்சுவது தட்டம்மை அபாயம் மட்டுமே.

எண்ணிக்கை ஏறிய வேகத்தில் சேவை வளரவில்லை என்பதே உண்மையான கவலை. வரையறை விரிய விரிய, பேச்சே வராத, நாள் முழுதும் துணை தேவைப்படும் குழந்தைகள் கவனத்திலிருந்து நழுவுகிறார்கள் என்ற குறையும் நியாயமானது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்க்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் அது இடம்பெற்றது. பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வயதிலும் திரும்பாமல் இருப்பது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். “ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்” என்ற ஆறுதல் வார்த்தையால் பல குடும்பங்கள் அருமையான மாதங்களை இழக்கின்றன. அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் குழந்தையைப் பரிசோதிக்கலாம். பேச்சுப் பயிற்சியைத் தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சலுகைகளுக்கு மட்டும் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும். சாதாரணக் காப்பீடுகள் தட்டிக் கழிக்கும் தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு என்பதால் தவறவிடக் கூடாதது.

முழுக் குணம் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் ஸ்டெம்செல் ஊசிக்கு ஆட்டிசத்தில் அங்கீகாரம் இல்லை. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சை உயிரையே பறித்திருக்கிறது.

பள்ளியோ அலுவலகமோ உரிமையை மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் புகார் தரலாம். மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். சட்டத்தை முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. அதன்பின் வங்கி, சொத்து விவகாரங்களில் பிள்ளையின் சார்பில் முடிவெடுக்கும் தேவை இருந்தால், ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டக் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.