முகநூலில் நாம் கால் வைத்த கதை



பேஸ்புக் என்ற பேரைக் கேட்காத லயம் இன்று மொனராகலையில் இல்லை. பெரட்டுக்களத்திலும் அதே பேச்சு, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அதே பேச்சு. நலன்புரி வேலை பார்க்கும் நாம் மட்டும் அதில் இல்லாமல் இருந்தோம். குவைத்தில் மகள் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்து, "ஐயா, புள்ள அதுல போட்டோ போடுதாம். எனக்கும் ஒண்ணு தொறந்து குடுங்களே" என்று கேட்டபோது, எமக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாய்ப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைக் காம்பராவில் ஒரு தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்க் சக்கர்பர்க் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது இது. கணக்குத் திறக்கக் காசு இல்லை. அப்படியென்றால் அவர்களுக்கு வருமானம் எப்படி? நாம் எதைப் பார்க்கிறோம், எதில் நிற்கிறோம் என்று கணித்து, அதற்கேற்ற விளம்பரத்தை எம் கண்முன் காட்டுகிறார்கள். காசு கொடுப்பது விளம்பரக்காரர்.

பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் கேட்டது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இடமில்லை. வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்து கொடுக்கும் பெற்றோர் கவனிக்கவும். பிறகு போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வந்தது. அதை அடித்ததும் கதவு திறந்தது. உடனே வங்கி எழுதுவினைஞர், பஸ் கண்டக்டர், பழைய வாத்தியார் என்று தெரிந்த முகங்களாய் வந்து நின்றன. மந்திரமோ என்று நினைத்தோம். போனிலுள்ள இலக்கங்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டபோது, வாசிக்காமலே "ஆம்" என்று அழுத்தியது நாம்தான்!

மூன்றாம் நாள்தான் வினை வந்தது. எமது மச்சானின் படத்தோடு ஓர் அழைப்பு. சந்தோஷமாய்ச் சேர்த்துக்கொண்டோம். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்க" என்று எழுதினார். அனுப்பப் போன கையைத் தம்பி பிடித்துக்கொண்டான்: "ஐயா, குடுக்காதீங்க!" மச்சானுக்குப் போன் அடித்தால், அவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த இலக்கம் வீட்டுச் சாவி மாதிரி. கொடுத்திருந்தால் கணக்கு அவன் கைக்குப் போய், எமது பேரிலேயே ஊரெல்லாம் கடன் கேட்டிருப்பான். யார் கேட்டாலும், சொந்தத் தங்கச்சி கேட்டாலும், கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலை என்று வரும் விளம்பரங்களும் இப்படித்தான். முற்பணம் கட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசி, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள்.

கேட்டதை எல்லாம் பகிர்வதும் ஆபத்து. 2018 பெப்ரவரியில் பக்கத்து அம்பாறையில், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது, கடைகள் உடைந்தன. சோதித்துப் பார்த்தால் அது மாவுக்கட்டி. அடுத்த மாதம் திகனையில் கலவரம் மூண்டபோது, அரசாங்கம் ஒரு வாரமளவுக்குப் பேஸ்புக்கையே நிறுத்தியது. அந்தக் கலவரத்தில் தமது தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் கம்பனியே மன்னிப்புக் கேட்டது.

அதே 2018 அக்டோபர் 24ஆம் திகதி, எம் மலையகப் பிள்ளைகள் 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டுக் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். அந்த அழைப்பைப் பரப்பியதும் இதே முகநூல்தான். கத்தி ஒன்றுதான், கவ்வாத்துக்கும் உதவும், கையையும் வெட்டும்.

அக்காவுக்கும் திறந்து கொடுத்தாயிற்று. படம் போடும் இடத்தில் உலக உருண்டை தெரிந்தால் ஊர் உலகமே பார்க்கும். அதை "நண்பர்கள்" என்று மாற்றி வைத்தோம். கடவுச்சொல்லைக் கலண்டரில் எழுதப் போனார், தடுத்தோம். மகளின் படத்தைப் பார்த்ததும், "மெலிஞ்சு போயிட்டா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

ஞாயிறு காலையில் பிள்ளைக் காம்பராவில்தான் இருப்போம். திறக்க விரும்புவோர் சொந்தப் போனோடு வரவும். பிள்ளைகளையும் கூட்டி வந்தால் நல்லது, எம்மைவிட அவர்களுக்குத்தான் கூடத் தெரியும்.